நாலு மணிப் பசிக்கு ஒரு பிடி கடலை

சர்க்கரை நோய் வந்தவர் வீட்டில் காலை, மதியம், இரவு என்ற மூன்று வேளைக்கும் கண்காணிப்பு பலமாக இருக்கும். நாலு இட்லி மூன்றாகும், சோறு அளந்து விழும், ராத்திரிக்குச் சப்பாத்தி வந்துவிடும். மாலை நாலு மணியை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. மதியம் கொஞ்சமாகச் சாப்பிட்ட வயிறு அப்போதுதான் கூப்பிட ஆரம்பிக்கும். ஒரு டீ, கூடவே ஏதாவது ஒன்று. டீக்கடையில் என்றால் வர்க்கி, பட்டர் பிஸ்கட், பஜ்ஜி. அலுவலகத்தில் என்றால் யாரோ பிறந்தநாளுக்கு நீட்டிய லட்டு. வீட்டில் என்றால் நாலு மேரி பிஸ்கட். கேட்டுப் பாருங்கள், “நான் ஸ்வீட்டே தொடுறதில்லைங்க, வெறும் பிஸ்கட்தான்” என்பார்கள்.

இந்த அத்தியாயம் அந்த “வெறும் பிஸ்கட்” பற்றியது. மூன்று வேளைச் சாப்பாட்டைத் திருத்துவதைவிட நாலு மணிப் பண்டத்தைத் திருத்துவது சுலபம். அதற்காகத் தனிச் சமையல் வேண்டாம், வீட்டில் உள்ள மற்றவர்களின் பழக்கத்தை மாற்ற வேண்டாம். உங்கள் தட்டில் இருக்கும் ஒரே ஒரு பொருளை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் போதும்.

பிஸ்கட் கணக்கு, கடலைக் கணக்கு

நாலு மேரி பிஸ்கட்டில் ஏறக்குறைய 18 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. இரண்டு டீஸ்பூன் சர்க்கரை போட்ட டீயில் இன்னொரு 10 கிராம். ஆக 28 கிராம், அத்தனையும் சீக்கிரமாகக் குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறும் வகை. மேரி பிஸ்கட் அவ்வளவாக இனிக்காததால் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. மைதா நாக்கில் இனிக்காது. குடலுக்குப் போனதும் அதுவும் சர்க்கரைதான்.

அதே நேரத்தில் 30 கிராம் வறுத்த நிலக்கடலை சாப்பிட்டால் உள்ளே போகும் மாவுச்சத்து 5 கிராம் அளவுதான். அதிலும் பாதி நார்ச்சத்து. புரதம் 7 முதல் 8 கிராம், கொழுப்பு 15 கிராம். ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதற்குக் கிளைசெமிக் குறியீடு என்றொரு அளவு உண்டு. குளுக்கோஸுக்கு 100 என்று வைத்தால் நிலக்கடலைக்கு 15-ஐத் தாண்டாது. இன்னொரு வசதி, கொழுப்பும் புரதமும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பிஸ்கட் தின்றவர் ஆறு மணிக்கே அடுப்படிப் பக்கம் வருவார். கடலை தின்றவர் ராத்திரிச் சாப்பாடுவரை தாங்குவார்.

இதை முறையாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கிளைசெமிக் குறியீட்டை 1981-இல் அறிமுகப்படுத்திய கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ஜென்கின்ஸும் குழுவினரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 117 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் 75 கிராம் அளவில் பலவகை நட்ஸ். இரண்டாம் பிரிவுக்கு அதே கலோரியில் முழுக்கோதுமை மஃபின். மூன்றாம் பிரிவுக்கு இரண்டிலும் பாதிப் பாதி. மூன்று மாதம் கழித்து, முழு அளவு நட்ஸ் சாப்பிட்டவர்களின் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எண், 0.21 புள்ளி இறங்கியிருந்தது. கெட்ட கொழுப்பும் குறைந்திருந்தது. 2011-இல் வெளியான முடிவு இது.

0.21 என்பது பெரிய எண் இல்லை. 7.6 இருந்தவருக்கு 7.4 ஆகும், அவ்வளவுதான். பாதாம் சாப்பிட்டால் சர்க்கரை நோய் பறந்துபோகும் என்று கைப்பேசியில் சுற்றும் செய்திகளுக்கும் இந்த எண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இந்த ஆய்வில் நமக்கு முக்கியம் வேறு ஒன்று. அங்கே நட்ஸ் யாருக்கும் மேலதிகமாகக் கொடுக்கப்படவில்லை. மாவுப்பண்டம் இருக்க வேண்டிய இடத்தில் கொடுக்கப்பட்டது. நம்மூரில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். இட்லி, சோறு, டீ, பிஸ்கட் எல்லாம் அப்படியே இருக்கும், “உடம்புக்கு நல்லதாமே” என்று அவற்றின் மேல் ஒரு பிடி பாதாம் ஏறும். 30 கிராம் நட்ஸில் சுமார் 170 கலோரி. எதையும் குறைக்காமல் தினமும் சேர்த்தால் மாதத்துக்கு 5,000 கலோரி கூடுதல், அது இடுப்பில்தான் வந்து உட்காரும். ஆகவே இந்த அத்தியாயத்தில் எங்கெல்லாம் “சாப்பிடுங்கள்” என்று வருகிறதோ அங்கெல்லாம் “பிஸ்கட்டை எடுத்துவிட்டு” என்று சேர்த்தே படியுங்கள்.

எதை வாங்கலாம்

என் ஓட்டு நிலக்கடலைக்கு. தாவரவியல்படி அது அவரை, துவரையின் சொந்தம், மரக்கொட்டை இனமே இல்லை. ஆனால் சத்துக் கணக்கில் பாதாமின் பக்கத்தில் கூச்சமில்லாமல் நிற்கும். நூறு கிராமுக்குப் புரதம் 25 கிராமுக்கு மேல். பாதாமில் 21, முந்திரியில் 18. விலையோ பாதாமில் சிறு பங்கு. விழுப்புரம், கடலூர்ப் பக்கம் மல்லாட்டை என்றும் கொங்குப் பக்கம் கடலைக்காய் என்றும் கேட்டால் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள் நம் மானாவாரி நிலங்களில் பல தலைமுறையாக விளைகின்றன. ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டுக் கட்டுப்படியாகவில்லை என்று விட்டுவிடுகிற பழக்கத்தால் பயனில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே கடலைக்கு முதல் இடம். சிவப்புத் தோலை ஊதித் தள்ள வேண்டாம். நார்ச்சத்து அதிலும் இருக்கிறது.

பாதாமில் நார்ச்சத்து அதிகம், நூறு கிராமுக்கு 12 கிராமுக்கு மேல். ராத்திரி நாலு பாதாமை ஊறவைத்துக் காலையில் தோலுரித்துத் தின்பது பல வீடுகளில் ஒரு சடங்கு. செய்யுங்கள், தடையில்லை. ஆனால் நாலு பாதாம் என்பது 5 கிராம்கூட வராது. அதை நம்பிப் பசியை அடக்க முடியாது, பிஸ்கட்டுக்கு மாற்றாகவும் அது நிற்காது. தோலுரிக்கவும் தேவையில்லை. டெல்லியில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் அரை மணி முன்னால் 20 கிராம் பாதாம் கொடுத்துப் பார்த்தபோது, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் தணிந்தது. 20 கிராம் என்றால் பதினாறு, பதினேழு பாதாம். நாலுக்கும் பதினாறுக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள்.

முந்திரியைப் பற்றி ஒரு பயம் பரவலாக இருக்கிறது: “ஐயோ, கொழுப்பு!” நட்ஸ் எதிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, அது விலங்கு உணவுகளில் மட்டுமே இருப்பது. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் இரண்டாம் வகை நோயாளிகள் 300 பேரிடம் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாதியினர் 12 வாரம் தினமும் 30 கிராம் உப்பில்லாத முந்திரி சாப்பிட்டார்கள். எடை கூடவில்லை. நல்ல கொழுப்பு கூடியது, ரத்த அழுத்தத்தின் மேல் எண் குறைந்தது. ரத்தச் சர்க்கரையில் மட்டும் இரு பாதியினருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதாவது முந்திரி விரோதியும் அல்ல, மருந்தும் அல்ல. மற்றவற்றைவிட அதில் மாவுச்சத்து அதிகம் (நூறு கிராமுக்கு 30), நார்ச்சத்து குறைவு. பண்ருட்டிப் பக்கம் உறவினர் இருந்து மூட்டையாக வந்து இறங்கினால் சாப்பிடுங்கள். இதற்கென்று தேடி வாங்க வேண்டியதில்லை.

பிஸ்தாவை ஓட்டோடு வாங்கினால் ஒவ்வொன்றாக உடைக்க நேரமாகும், கை தானாக வேகம் குறையும். குறை என்னவென்றால் கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை உப்புப் போட்டவை. வால்நட்டில் ஒமேகா-3 வகைக் கொழுப்பு மற்ற நட்ஸைவிட நிறைய. சர்க்கரை நோயாளிக்கு இதயமும் ரத்தக் குழாயும்தான் நீண்ட காலக் கவலை என்பதால் இது முக்கியம். ஸ்பெயினில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ‘பிரெடிமெட்’ ஆய்வில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் சர்க்கரை நோயாளிகள். அதில் மத்தியதரைக்கடல் உணவோடு தினமும் 30 கிராம் நட்ஸ் எடுத்துக்கொண்ட பிரிவில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைவாக இருந்தன. அந்த 30 கிராமில் பாதி வால்நட். பணவசதி இருந்தால் கடலையோடு தினமும் இரண்டு வால்நட் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளத் தேவையில்லை.

தேங்காய்ச் சில்லை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் கொழுப்பு வேறு ரகம், பெரும்பகுதி நிறைவுற்றது. பொட்டுக்கடலையும் இந்த வரிசையில் வராது. அது வறுத்த கொண்டைக்கடலைப் பருப்பு, பாதிக்கு மேல் மாவுச்சத்து. மோசமான தீனி இல்லை, பிஸ்கட்டைவிட எவ்வளவோ மேல். ஆனால் கடலை அளவுக்கே பொட்டுக்கடலையும் என்று கை நிறைய அள்ள முடியாது.

கடலை வேஷம் போட்டு வருபவை

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெருமை. உங்கள் டப்பாவுக்கு ஆகாது. அதைக் கெட்டியாகப் பிடித்து நிற்க வைப்பது வெல்லப்பாகு. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே ரத்தச் சர்க்கரையை ஏற்றுபவைதான். “கருப்பட்டி ஒண்ணும் பண்ணாது” என்று எத்தனை பெரியவர்கள் சொன்னாலும் குளுக்கோமீட்டர் அதை ஒப்புக்கொள்வதில்லை. எள்ளுருண்டையும் அப்படியே.

பாதாம் பால் பொடி என்று விற்கும் டப்பாவைத் திருப்பி, உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். அதிகம் இருப்பதை முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. பல டப்பாக்களில் முதல் சொல் சர்க்கரையாகவே இருக்கும். மசாலா கடலை, முந்திரி பக்கோடா இரண்டும் மாவில் புரண்டு எண்ணெயில் குளித்தவை. மிக்சரில் கடலையைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும். தேன் தடவிய பாதாம், உலர்ந்த கிரான்பெர்ரி கலந்த பாக்கெட், இனிப்புச் சேர்த்த வேர்க்கடலை வெண்ணெய் எல்லாம் இதே கூட்டம்.

“சுகர் ஃப்ரீ” இனிப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரைக்குப் பதில் வேறு இனிப்பூட்டி போட்டிருப்பார்கள், சரி. மைதா, கோவா, நெய் எல்லாம் அப்படியே இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், “சுகர் ஃப்ரீதானே” என்று ஒன்றுக்கு மூன்றாகப் போவது. தீபாவளிக்கு ஒரு கிலோ சுகர் ஃப்ரீ அல்வா வாங்குவதைவிட, நல்ல திருநெல்வேலி அல்வாவில் ஒரு விள்ளல் தின்பது நாக்குக்கும் மரியாதை, உடம்புக்கும் லாபம் என்பது என் கட்சி.

ஒரு பிடி என்றால் எவ்வளவு

ஆளுக்கு ஆள் கை வேறு. அதனால் ஒரே ஒரு முறை தராசில் 30 கிராம் நிறுத்து, வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு சின்னக் கிண்ணத்தில் கொட்டி, அது எந்த மட்டம் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து அதுதான் உங்கள் அளவு. எண்ணிப் பார்க்க விரும்புபவர்களுக்கு: பாதாம் 23, முந்திரி 18, பிஸ்தா 49, வால்நட் அரைப்பருப்பு 14. இவை ஒவ்வொன்றும் 28 கிராம் அளவில் வரும். தோலோடு இருக்கும் கடலைக்காய் என்றால் 40 முதல் 45 கிராம் வரை எடுத்தால் உள்ளே 30 கிராம் பருப்பு இருக்கும்.

பெரிய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்காரவே கூடாது. கடலைக்கு ஒரு குணம் உண்டு, கை நிற்காது. ஞாயிற்றுக்கிழமை ஏழு சின்ன டப்பாவில் ஏழு நாளுக்கானதைப் போட்டு மூடிவிடுங்கள். அலுவலகத்துக்குப் போகிறவர் காலையில் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளலாம். பேருந்துப் பயணத்துக்கும் இதுதான் துணை. நெடுஞ்சாலையோரம் வண்டி நிற்கிற இடங்களில் சர்க்கரை நோயாளி நம்பித் தின்னக்கூடியது அநேகமாக எதுவும் இருக்காது.

மென்று தின்பதிலும் விஷயம் இருக்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் 2012-இல் கண்டது: லேபிள்படி 170 கலோரி இருக்க வேண்டிய ஒரு பிடி முழுப் பாதாமிலிருந்து உடம்புக்குச் சேர்வது 129 கலோரி அளவுதான். பருப்பின் செல் சுவர்கள் கெட்டியானவை. அவற்றுக்குள் சிக்கிய கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. மாவாக அரைத்தால் இந்தச் சலுகை குறையும். பல் போன தாத்தா, பாட்டிக்கு அரைத்துத்தான் கொடுக்க வேண்டும், வேறு வழியில்லை. அப்போது அளவைக் கொஞ்சம் குறைத்து, வறுத்த கடலைப் பொடியை மோரிலோ சர்க்கரை போடாத பாலிலோ கலக்கிக் கொடுங்கள். குழைய அவித்த கடலையை மசித்தும் கொடுக்கலாம்.

வறுக்கலாம், அவிக்கலாம்

வறுப்பதென்றால் எண்ணெய் வேண்டாம். இரும்புச் சட்டியில் கல்லுப்பையோ மணலையோ சூடாக்கி அதில் கடலையைப் போட்டுச் சிறு தீயில் புரட்டினால் உள்வரை சீராக வறுபடும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சை வாடை நிற்கும். தோல் வெடிக்கும் சத்தம் வந்ததும் இறக்கிவிடுங்கள். சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் வறுபடும். சலித்து ஆறவிட்ட பிறகுதான் டப்பா. மொறுமொறுப்போடு காரமும் கேட்கிற நாக்குக்கு, சட்டி சூடாக இருக்கும்போதே கறிவேப்பிலையும் பொடித்த மிளகும் போட்டுப் பிரட்டுங்கள்.

எனக்குப் பிடித்தது அவித்த கடலைதான். தோலோடு பச்சைக் கடலை வரும் பருவத்தில் கொஞ்சம் உப்புப் போட்டு அவித்துத் தின்பதற்கு இணை இல்லை. அவிக்கும்போது தண்ணீரை இழுத்துக்கொள்வதால் அதே எடைக்குக் கலோரி குறைவு. நூறு கிராம் வறுத்த கடலையில் 570-க்கு மேல் என்றால் அவித்ததில் 320 அளவில். வயிறும் சீக்கிரம் நிறையும். பருவம் இல்லாத மாதங்களில் காய்ந்த கடலைப் பருப்பை ஆறேழு மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் மூன்று நாலு விசில் விட்டு, கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துச் சுண்டலாக்கலாம். மெரினா கடற்கரை நினைவுக்கு வர வேண்டுமானால் மாங்காயைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். தேங்காய் ஒரு சிட்டிகை போதும். வெள்ளரிக்காய், வெங்காயம், தக்காளி நறுக்கி, அவித்த கடலையோடு எலுமிச்சை பிழிந்தால் அது ராத்திரிச் சாப்பாட்டில் பாதியாகவே ஆகிவிடும். அன்றைக்கு ஒரு சப்பாத்தியைக் குறைத்துக்கொள்ளலாம்.

சேமிப்பில் அலட்சியம் கூடாது. ஈரம் பட்ட கடலையில் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். ஈரலைக் கெடுப்பது அது. வறுத்தால் முழுவதும் போகாது. சுருங்கியது, கறுத்தது, பச்சைப் பூசணம் ஏறியது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். வாயில் போட்டதும் கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள். அந்த ஒரு கடலைக்காக மரியாதை பார்க்க வேண்டாம். மொத்தமாக மூட்டை வாங்காமல் ஒரு மாதத்துக்கு ஆளுக்கு ஒரு கிலோ என்று வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வால்நட், பாதாம் என்றால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். சிக்கு வாடை அடித்தால் அது கெட்டுப்போனது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி.

டீயும் உறவும்

கடலைக்கு மாறிவிட்டு டீயில் சர்க்கரையை விடவில்லை என்றால் பாதி வேலைதான் முடிந்தது. டீக்கடையில் “அண்ணே, சர்க்கரை கம்மியா ஒரு டீ” என்று சொல்லாதீர்கள். கம்மி என்பது மாஸ்டரின் கைப்பழக்கம். “சர்க்கரை இல்லாம” என்று சொல்லுங்கள். முதல் வாரம் கசக்கும். சட்டென்று நிறுத்த முடியாதவர்கள் வாரத்துக்கு அரை டீஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வரலாம். கடலையின் லேசான இனிப்பு அப்போதுதான் நாக்குக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

இனிப்பு ஆசை என்பது பசியிலிருந்து வேறானது. கடலை பசியைத்தான் அடக்கும். சாப்பிட்டு முடித்த பிறகும் நாக்கு கேட்டால், அரைக் கொய்யாப்பழத்தோடு அஞ்சாறு பாதாம் என்று சேர்த்துத் தின்று பாருங்கள். ஏலக்காயோ சோம்போ மெல்வதும் சிலருக்கு உதவும்.

உறவுகளைச் சமாளிப்பதுதான் கடினம். கல்யாண வீட்டில் இலையில் ஜாங்கிரி விழும், “ஒண்ணே ஒண்ணு சாப்பிடுங்க மாமா, ஒண்ணும் ஆகாது” என்று அன்பாக வற்புறுத்துவார்கள். “ராத்திரி ஒரு மாத்திரை சேர்த்துப் போட்டுக்கிட்டா போச்சு” என்று வைத்தியமும் அவர்களே சொல்வார்கள். மாத்திரையைத் தன்னிச்சையாகக் கூட்டுவது ஆபத்து. ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டு, மீதியை இலையிலேயே விட்டுவிடுங்கள், அந்த வேளை சோற்றில் ஒரு கரண்டியைக் குறையுங்கள். கோயில் பிரசாதத்துக்கும் இதே வழி. சர்க்கரைப் பொங்கலை விரல் நுனியில் எடுத்தாலும் பிரசாதம் பிரசாதம்தான். வெறும் வயிற்றோடு விசேஷத்துக்குப் போகாதீர்கள். கிளம்பும் முன் உங்கள் ஒரு பிடியைத் தின்றுவிட்டுப் போனால் பந்தியில் கை தானாக அடங்கும்.

வீட்டுக்கு வருகிறவர்களிடமும் சொல்லி வைக்கலாம். பிஸ்கட் பாக்கெட்டும் இனிப்புப் பெட்டியும் வாங்கி வருகிற மருமகளிடம், “அடுத்த தடவை கால் கிலோ கடலை வாங்கிட்டு வாம்மா” என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அவருக்கும் செலவு மிச்சம்.

கடலை கைகொடுக்காத நேரம்

இந்த அத்தியாயத்தில் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டால், அதாவது கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டிக்கொண்டு வந்து, மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால், அப்போது கடலை, பாதாம் எதுவும் உதவாது. எந்தக் குணத்துக்காக அதைத் தின்னச் சொன்னோமோ, அதாவது சர்க்கரையை மெதுவாக ஏற்றும் குணம், அதுவே அந்த நிமிடத்தில் பாதகம். உடனே 15 கிராம் குளுக்கோஸோ, மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீரோ கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் அப்போது கடலை தின்னலாம். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மாத்திரைகள் சர்க்கரையைக் குடலில் உடையவிடாமல் தடுப்பவை. அதனால் அவர்களுக்குச் சீனித் தண்ணீரும் மிட்டாயும் சீக்கிரம் வேலை செய்யாது. மருந்துக்கடையில் விற்கும் குளுக்கோஸ் பொடியே வேண்டும். பல மாத்திரைகளில் இது வேறு மருந்தோடு சேர்ந்தே வருகிறது. உங்கள் அட்டையின் பின்பக்கம் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டு அந்த இடத்தில் வெறும் நட்ஸ் தின்னக் கூடாது. மருந்து சாப்பாட்டை எதிர்பார்த்து வேலை செய்யும். நட்ஸில் அதற்குத் தேவையான மாவுச்சத்து இல்லை. சர்க்கரை தாழ்ந்துவிடும். மாலைத் தீனியை மாற்றிய முதல் இரண்டு வாரம் இவர்கள் மீட்டரில் அடிக்கடி பார்த்துக்கொள்வது நல்லது.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். நட்ஸில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் புரதமும் அதிகம், பாதிக்கப்பட்ட சிறுநீரகத்துக்கு இவை சுமை. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குப் பாதாமிலும் முந்திரியிலும் இருக்கும் ஆக்சலேட் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புப் பாக்கெட்டைத் தொட வேண்டாம். கடலை தின்றால் வாய் அரிக்கும், உதடு வீங்கும் என்பவர்களுக்கு இந்த அத்தியாயமே வேண்டாம். அவர்கள் கொண்டைக்கடலைச் சுண்டலை அளவோடு சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

பலனைப் பார்ப்பது

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஒரு நாள் மாலை வழக்கம்போல டீயும் பிஸ்கட்டும். சாப்பிடும் முன் ஒரு முறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில் சர்க்கரை போடாத டீயும் 30 கிராம் கடலையும். மறுபடி இரண்டு எண். மொத்தம் நாலு ஸ்ட்ரிப் செலவு. மதியச் சாப்பாடும் மருந்தும் நடையும் இரண்டு நாளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. ஊரார் சொல்வதும் இந்தப் புத்தகம் சொல்வதும் உங்கள் உடம்புக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அந்த நாலு எண்ணும் காட்டிவிடும்.

எச்பிஏ1சி பரிசோதனைக்கு மூன்று மாதம் பொறுங்கள். ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் அதற்கு முன் பார்த்தால் பழைய பழக்கத்தின் எண்ணும் கலந்தே வரும். எடையையும் மாதம் ஒரு முறை பாருங்கள். எடை ஏறினால் கடலை பிஸ்கட்டின் இடத்துக்கு வராமல் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அளவையும் பழக்கத்தையும் திரும்பப் பாருங்கள். எண் இறங்கி வந்தால் சந்தோஷம். ஆனால் அதற்காக மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். குறித்து வைத்த தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், குறைப்பதா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும்.